அப்பத்தைத் தொடாத நோயாளி

அத்தியாயம் 6

மூன்று முழ நீளப் பின்னலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற ஆம்பிளையை நாலு பேர் நாலு விதமாகப் பார்க்கத்தான் செய்வார்கள். ஜஹாங்கீர் அதைப் பழைய செய்தித்தாளில் நன்றாகச் சுற்றித்தான் வைத்திருந்தான். ஆனால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்குப் போகிற சாலை 1951-லும் சாலை என்று சொல்லிக்கொண்ட பள்ளமாகத்தான் இருந்தது. ஒரு குலுக்கலில் காகிதம் விலகி, பின்னலின் நுனியும் அதில் கட்டியிருந்த பச்சை ரிப்பனும் வெளியே எட்டிப் பார்த்தன. பக்கத்திலிருந்த மீன்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

"நைனா, மீன்காரியே மூஞ்சிய சுளிச்சிகினு எழுந்து போறா. என் மருவாதி இன்னா ஆவறது?"

"இருந்தாத்தானல போகும்," என்றார் துப்பறியும் ஆறுமுகநயினார், கடல் பக்கம் வைத்த பார்வையை எடுக்காமல்.

நயினார் திருநெல்வேலிக்காரர். போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு ராயபுரத்தில் சொந்தமாகப் பலகை மாட்டிக்கொண்டவர். முழுப் பெயரையும் சொன்னால் வாய் வலிக்கிறது என்று அவருடைய உதவியாள் ஜஹாங்கீர் அவரை நைனா ஆக்கி ஆறு வருஷமாகிறது. அவனுக்குத் தொழில் சந்தேகப்படுவது. தன் நிழல் கொஞ்சம் நீளமாக விழுந்தால்கூட எதற்கு நீளுகிறது என்று கேட்கிற ஆசாமி.

இப்போது அவனுடைய சந்தேகமெல்லாம் பஸ்ஸின் முன்பக்கம், பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஞானபாக்கியத்தின் மேல் இருந்தது. மூன்று நாளைக்கு முன் தேடி வந்த விதவை அவள். ஒரே மகள் ரோஸ்மேரி, பதினைந்து வயது, மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், நாற்பது நாளாகக் காணோம். தாயும் மகளும் ஒண்டியிருந்தது அவளுடைய கொழுந்தன் வெள்ளத்துரையின் வீட்டில். மிளகாய் மொத்த வியாபாரி. "எவனோடோ ரயில் ஏறிட்டா, தேடினா நம்ம மானந்தான் போகும்" என்பது அவனுடைய தீர்ப்பு.

நேற்று ஜஹாங்கீரின் தோஸ்து ஒருவன், வண்ணாரப்பேட்டையில் சவுரிமுடி விற்கிற கடையில் பள்ளிக்கூட ரிப்பனோடு ஒரு பின்னல் தொங்குகிறது என்று சொன்னான். கடைக்காரனை இரண்டு தட்டுத் தட்டியதில், விற்றவள் திருவொற்றியூர் மனசாந்தி இல்லத்து ஆயா என்று தெரிந்தது. இன்று காலை பின்னலைப் பார்த்ததும் ஞானபாக்கியம் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "எம் மக முடிதான்" என்று மட்டும் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கறேன் நைனா," என்று குரலைத் தாழ்த்தினான் ஜஹாங்கீர். "பொண்ணு காணோம்னா எவனும் மொதல்ல போலீஸ் டேசனுக்குத்தான் ஓடுவான். இந்தம்மா நாப்பது நாளா ஏன் ஓடல? நம்ம மூஞ்சிய நம்பி வந்துதா?"

"உம் மூஞ்சிய நம்பி யாரும் வரமாட்டாங்க. அதனாலதான் எனக்கும் சந்தேகம்," என்றார் நயினார்.

மனசாந்தி இல்லம் தீப்பெட்டி ஆலைக்குப் பின்னால், கடலோரம் இருந்தது. தனியார் நடத்துகிற மனநோய் விடுதி. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மதில், அதன் மேல் கண்ணாடிச் சில்லு. சாந்தியை உள்ளே வைத்து இவ்வளவு பெரிய மதில் எழுப்பியிருக்கிறார்களே, அது தப்பித்து ஓடிவிடுமென்று பயமா என்று ஜஹாங்கீர் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் ஞானபாக்கியம் நின்றுவிட்டாள்.

"நீங்க போய்ப் பாருங்க அண்ணாச்சி. நான் உள்ள வரல."

"உள்ள இருக்கிறது உன் மகளா இருந்தா?"

"இருந்தா கூட்டிட்டு வாங்க." அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மதிலோர நிழலில் உட்கார்ந்தாள்.

பெற்ற வயிறு இப்படி வாசலில் உட்காருமா? ஜஹாங்கீர் நயினாரைப் பார்த்தான். நயினார் எதையும் பார்க்காதவர் போல உள்ளே நடந்தார்.

சவுரிமுடி விற்ற ஆயா கெங்கம்மா. பின்னலைக் கண்டதும் முதலில் தெரியாது என்றாள். பிறகு போலீஸா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"புதுசா வர்ற கேசுங்க எல்லாத்துக்கும் பேனுக்கு முடி வெட்றதுதான். குப்பைல போறத வித்தேன். அதுக்கு இன்னா இப்போ?"

"ஒண்ணும் இல்ல ஆயா. யார் தலைல வெட்டினது?"

"ஆறாம் நம்பர் கட்டிலு. தங்கபுஷ்பம்னு எழுதிகீது."

ஜஹாங்கீருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கபுஷ்பம் என்பது வெள்ளத்துரையின் மனைவியின் பெயர். பிரசவத்துக்காகத் தென்காசிப் பக்கம் தாய்வீடு போயிருக்கிறாள் என்று ஞானபாக்கியம்தான் சொல்லியிருந்தாள்.

"அது தன் பேரு தங்கபுஷ்பம்னு சொல்லிச்சா?" என்று கேட்டார் நயினார்.

"வேற பேரு சொல்லும். இங்க எல்லாமே வேற பேருதான் சாமி சொல்லும். யாரு கேக்கறது?" கெங்கம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "ஆனா பச்சப் புள்ளையாட்டம் கீது. பக்கத்துக் கட்டிலு பொம்பள, செத்துப்போன தன் புள்ளன்னு நெனச்சிகினு அத்தப் புடிச்சி புடிச்சி இழுக்குது. இன்னொண்ணு அடிக்குது. இது பயந்துகினு கட்டிலுக்குக் கீழதான் படுக்கும். இன்னிக்கு மூணு மணிக்குக் கரண்டு வெக்கப் போறாங்க."

"கரண்டா?"

"தலைல வெச்சா சரியாப் பூடுமாம். சில பேருக்குப் பூடுது. சில பேருக்குத் தன் வூடு எதுன்னே மறந்து பூடுது."

கூடத்துக் கடிகாரத்தில் இரண்டு இருபது. நயினார் அதுவரை நடந்த நடை வேறு, அதற்குப் பிறகு நடந்த நடை வேறு.

கண்காணிப்பு டாக்டர் நீலமேகம் வெளுத்த கோட்டும் வெளுத்த முகமுமாக மேஜைக்குப் பின்னால் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காகிதத்தில் எழுதியிருப்பது பொய்யாக இருக்கலாம் என்று ஆயுளில் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்காதவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களிடம்தான் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது ஜஹாங்கீரின் கட்சி.

"ரோஸ்மேரி என்று இங்கே யாரும் கிடையாது. பதினைந்து வயசா? பதினெட்டுக்குக் கீழே நாங்கள் சேர்ப்பதே இல்லை. சின்னவர்களுக்குத் தனி வார்டு இல்லை. முற்றிய நோயாளிகள் நடுவே ஒரு குழந்தையைப் போட்டால் இல்லாத நோயும் வந்துவிடும்."

"அந்த ரூலு போர்டுல கீது டாக்டரே. வார்டுல கீதா?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்கும் காகிதம்தான் துணை. ஆறாம் நம்பர் கட்டிலின் கோப்புத் தாள்களை எடுத்து மேஜையில் போட்டார்.

"தங்கபுஷ்பம். வயது இருபத்துநாலு. கணவர் வெள்ளத்துரை கொடுத்த மனு, இரண்டு டாக்டர் சர்டிபிகேட், மாஜிஸ்திரேட் உத்தரவு, எல்லாம் இருக்கிறது. அந்த டாக்டர்கள் வீட்டிலேயே வந்து பார்த்திருக்கிறார்கள். கணவரே காரில் கொண்டுவந்து விட்டார். கழுத்தில் தாலி இருந்தது. கல்யாணமே ஆகவில்லை என்கிறாள், பள்ளிக்கூடம் போக வேண்டும் என்கிறாள். அதே வார்டில் ஒருத்தி தான் ஜமீன்தாரிணி என்கிறாள். நான் யாரையென்று நம்புவது?"

"நியாயம்," என்றார் நயினார். "வேற என்ன எழுதியிருக்கீங்க?"

"விஷ பயம். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு போதகர் வந்து கிறிஸ்தவ நோயாளிகளுக்கு ஆராதனை நடத்தினார். இவள் எல்லாப் பாட்டும் பாடினாள், சரியான இடத்தில் மண்டியிட்டாள். கடைசியில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிறார்கள் இல்லையா, அது வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகிவிட்டாள். எவ்வளவு சொல்லியும் தொடவில்லை. யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்ற பிரமை முற்றிவிட்டது. அதனால்தான் இன்று மின்சாரச் சிகிச்சை."

நயினார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எங்கேயோ ஒரு பொய்க்குக் கெட்ட காலம் என்று ஜஹாங்கீருக்குத் தெரியும்.

"கஞ்சி குடிக்குதா?"

"குடிக்கிறாள்."

"நீங்க கொடுக்கிற மருந்து?"

"மறுத்ததில்லை."

"விஷத்துக்குப் பயப்படுகிறவ நாலு வேளை மருந்தைக் குடிச்சுட்டு, விரல் நுனி அப்பத்தையா சந்தேகப்படுவா?"

டாக்டர் மருந்துக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவன் டாக்டர். சைவ வீட்டுப் பிள்ளை. எட்டு வயசுல அந்த அப்பத்துக்கு ஆசைப்பட்டு வரிசையில போய் நின்னேன். வாத்தியார் காதைத் திருகி உக்கார வச்சார். அப்ப ஒண்ணு கவனிச்சேன். நான் மட்டும் இல்ல, கிறிஸ்தவப் பிள்ளைகளும் பெஞ்சை விட்டு எந்திரிக்கல. அவங்க சபையில வயசு வந்து, வகுப்பு படிச்சு, பிஷப் வந்து தலையில கை வச்சாத்தான் அந்தப் பந்தியில சேரலாம். திடப்படுத்தல்னு பேரு. அதுக்கு முந்தி தொட்டா பாவம்."

"அதனால்?"

"இருபத்துநாலு வயசு, கோயில்ல தாலி கட்டினவ. திடப்படுத்தல் எடுக்காம அந்தச் சபையில கல்யாணம் நடக்காது. அப்ப இவ ஏன் கையைக் கட்டிக்கிடணும்? வெள்ளத்துரை பேரை மாத்தினான், வயசை மாத்தினான், சேலை சுத்தித் தாலியும் மாட்டினான். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற பயபக்தியை மாத்த மறந்துட்டான். அடியும் இழுப்புமா நாப்பது நாள் கட்டிலுக்குக் கீழே கிடந்தும், யாரும் கேக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சும், விதியை மீறமாட்டேன்னு நிக்குது. இந்தக் கட்டடத்துலயே தெளிஞ்ச புத்தி அதுக்குத்தான் இருக்கு."

"நம்ம ரெண்டு பேரையும் சேத்துதான் சொல்றாரு டாக்டரே," என்றான் ஜஹாங்கீர் ஆறுதலாக.

நீலமேகம் கோப்புத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது," என்றார். "ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவைச் சாமர்த்தியத்தால் நிறுத்த முடியாது. இது தங்கபுஷ்பம் இல்லை என்று தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். தாய் இருப்பதாகச் சொன்னீர்களே. பெயர்?"

"ஞானபாக்கியம். வாசல்லதான் கீறாங்க," என்று எழுந்தான் ஜஹாங்கீர்.

டாக்டர் அசையவில்லை. கோப்பின் ஒரு தாளைப் புரட்டினார். இன்னொரு தரம் புரட்டினார். பிறகு அதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

மனு இங்கிலீஷில் இருந்தது. ஜஹாங்கீருக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான். அடியில் சாட்சிக் கையெழுத்து மட்டும் தமிழில். மூன்று நாளைக்கு முன் அவன் கண் எதிரே, அவர்களுடைய ராயபுரம் ஆபீஸில் போட்ட அதே கோணல் கையெழுத்து. ஞானபாக்கியம்.

"மனுதாரரின் அண்ணி," என்று படித்தார் டாக்டர். "தங்கபுஷ்பம் கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே, ஒரு வருஷத்துக்கு மேலாகப் புத்தி சுவாதீனம் இல்லாமல் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறாள். இப்போது அதே அம்மாள் வந்து இது என் மகள் என்கிறாளா? நான் எந்த ஞானபாக்கியத்தை நம்ப வேண்டும்?"

சந்தேகம் பலித்தால் மனுஷனுக்கு ஒரு சந்தோஷம் வரும். ஜஹாங்கீருக்கு வரவில்லை.

அவன் போய் அழைத்ததும் ஞானபாக்கியம் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தாள். மேஜை மேல் கிடந்த தாளைப் பார்த்தாள். யாரும் கேட்பதற்கு முன் அவளே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தில் இரண்டு நாற்பத்தைந்து.

"தாயி, தங்கபுஷ்பத்துக்குப் பைத்தியம்னு நீ எப்பப் பாத்த?" என்றார் நயினார்.

"பாக்கல அண்ணாச்சி."

"பின்னே?"

"கொழுந்தனாருக்கு வேற கல்யாணம் கட்டணும். எங்க மார்க்கத்துல கட்டினவளத் தள்ளி வைக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னாலயே பைத்தியம்னு காயிதம் வாங்கிட்டா அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு வக்கீல் சொன்னாராம். அவ குடிக்கிற பால்ல எதையோ கலக்கிக் கொடுத்துட்டு, பாக்க வந்த டாக்டருங்ககிட்டக் காட்டினாரு. சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்னாரு. போடலன்னா நீயும் மகளும் தெருவுலன்னாரு." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "போட்டேன். ரெண்டாம் நாளு அவளக் காணல. பிரசவத்துக்குப் போயிருக்கான்னாரு. அன்னைக்கே எம் மகளையும் காணல. ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்க எனக்குப் பயமா இருந்துது அண்ணாச்சி. போலீசுக்குப் போனா கையெழுத்து வெளிய வரும்."

"இப்ப வாரது இன்னொரு கையெழுத்து. நான் சொன்னது பொய், உள்ளே இருக்கிறது என் மகள்னு நீ எழுதணும்."

"எழுதினா ஜெயிலா?"

நயினார் பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "இருக்கலாம் தாயி," என்றார்.

ஞானபாக்கியம் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினாள். எழுத்து எழுத்தாக, ஒரு தப்பில்லாமல், கொழுந்தன் பெயரையும் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நீலமேகம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு மணியை அடித்து, ஆறாம் நம்பர் கட்டிலுக்கு இன்று சிகிச்சை கிடையாது, அந்தப் பெண்ணை இங்கே அழைத்து வரவும் என்று கெங்கம்மாவிடம் சொன்னார். அப்போது மணி மூன்றுக்கு நாலு நிமிஷம்.

வந்து நின்றது கெங்கம்மாவின் தோளுக்கு வராத ஒரு குழந்தை. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். விடுதியின் முரட்டு நீலச் சேலை உடம்பை இரண்டரைச் சுற்று சுற்றியும் மிச்சமிருந்தது. முழங்கையில் பழைய அடி, அதன் மேல் புது அடி. நீலமேகம் இதே பெண்ணை ஏழெட்டு முறை பார்த்தவர்தான். அட்டையில் இருபத்துநாலு என்று எழுதியிருந்ததால் இருபத்துநாலாகவே பார்த்தார். இப்போது தலையைக் குனிந்துகொண்டார்.

ரோஸ்மேரி தாயைப் பார்த்தாள். ஓடி வரவில்லை.

"சித்தி ஊர் போய்ச் சேந்தாளா?" என்று கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை. நயினார்தான் மெதுவாக, "எந்தச் சித்திம்மா?" என்றார்.

"தங்கபுஷ்பம் சித்தி. அம்மா கையெழுத்துப் போடும்போது நான் கதவுக்குப் பின்னால நின்னேன். சித்திகிட்டச் சொல்லிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் போற மாதிரி கிளம்பி, சித்திய எழும்பூர்ல ரயில் ஏத்தி விட்டேன். திரும்பி வந்தா சித்தப்பா வாசல்ல நிக்காவ. அந்தக் காயிதம் கையில இருக்கு, கொண்டுபோறதுக்கு ஆள் இல்ல. அதான் என்னக் கொண்டுவந்துட்டாவ."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" ஞானபாக்கியத்தின் குரல் இப்போது உடைந்தது.

"நீ அவர்கிட்டச் சொல்லிருவியோன்னு பயமா இருந்துது."

ஜஹாங்கீர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வாய்க்கு வராத கேலி உலகத்தில் இல்லை என்று ராயபுரமே சொல்லும். அன்று ஒன்றும் வரவில்லை. நாற்பது நாளாக இந்தப் பெண் யாரைக் காப்பாற்றுவதற்காக அடி வாங்கியதோ, அவள் போய்ச் சேர்ந்தாளா என்பதுகூட யாருக்கும் தெரியாது என்பதை நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சு சொல்லுதேன்," என்றார் நயினார் அவளிடம். "உன் சித்தப்பா இருக்கிற இடமும் எனக்குத் தெரியும்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். மாஜிஸ்திரேட் இந்த வாக்குமூலத்தைப் பார்த்து நாளை உத்தரவு போடும்வரை பெண்ணை வெளியே விடத் தனக்கு அதிகாரமில்லை என்றார். வார்டில் இனி வைக்கமாட்டேன், கெங்கம்மாவின் அறையில் இருக்கட்டும் என்றார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்ப நானும் இங்கயே இருக்கேன்," என்றாள் ஞானபாக்கியம். "அவ பக்கத்துல ஒரு பாய் போட்டாப் போதும்."

ரோஸ்மேரி, விடுதியின் வழக்கம் தெரிந்தவள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிற மாதிரி, கோபமில்லாமல் சொன்னாள்.

"இங்க சும்மா விடமாட்டாவ அம்மா. பைத்தியம்னு யாராவது கையெழுத்துப் போடணும்."

ஞானபாக்கியம் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கால் தடுக்கும் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, தாயின் பக்கத்தில், ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தாள்.